விஎம் என்று சொன்னதில் என்ன தப்பு?

வேலைக்கான இன்டர்வியூவில் ஒரு பெண் சொன்ன பதிலைக் கேலி செய்து, கேள்வி கேட்டவரே போட்ட அந்த ஸ்கிரீன்ஷாட்டை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். கீழே விழுந்திருக்கும் சிரிப்பு எமோஜிகளை யார் யார் போட்டது என்றும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் சிலர் என்னிடம் லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் கற்றுக்கொண்டவர்கள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனசு கேட்கவில்லை.

கேட்ட கேள்வி என்ன? ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி, ஒரு பில்லிங் சாஃப்ட்வேர், ஒரு டேட்டாபேஸ், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஐடி ஆள். எப்படி அமைப்பாய்? அந்தப் பெண் சொன்ன பதில்: இரண்டு விர்ச்சுவல் மெஷின் (விஎம், ஒரே சர்வருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் தனிக் கம்ப்யூட்டர்) போடுவேன், ஒன்றில் டேட்டாபேஸ், இன்னொன்றில் அப்ளிகேஷன், அப்டேட்டுக்கு முன்னால் மெஷினின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட், தினமும் ராத்திரி டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவேன். இதைத்தான் “இன்னும் விஎம்மிலேயே இருக்காங்க” என்று ஊருக்கே போட்டுச் சிரித்திருக்கிறார் கேள்வி கேட்டவர்.

அது சரியான பதில். நூற்றுக்கு நூறு சரியான பதில். அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் அங்கேயே வேலைக்கு எடுத்திருப்பேன்.

கேள்வி கேட்டவர் எதிர்பார்த்த பதில் கன்டெய்னர், அதாவது அப்ளிகேஷனைத் தனியாகப் பிரித்து ஓட்டும் இன்னொரு வழி. விஎம்முக்கும் கன்டெய்னருக்கும் உள்ள வித்தியாசம் பழசா புதுசா என்பதில் இல்லை. கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் (ஓஎஸ்) மையப் பகுதி, யாருடையது என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு விஎம்முக்கும் சொந்தமாக ஒரு கெர்னல் உண்டு. தான் ஒரு முழுக் கம்ப்யூட்டரில் ஓடுவதாகவே அது நினைத்துக்கொள்ளும்படி கீழே விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் பார்த்துக்கொள்கிறது. கன்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் கிடையாது. சர்வரில் இருக்கும் ஒரே லினக்ஸ் கெர்னலின் மேல் ஓடும் சாதாரண புராசஸ்தான் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அது. நேம்ஸ்பேஸ் போட்டு மற்ற புராசஸ்கள் அதன் கண்ணில் படாமல் மறைத்திருக்கிறோம், சிகுரூப் போட்டு மெமரிக்கும் சிபியூவுக்கும் அளவு கட்டியிருக்கிறோம், அவ்வளவே. தனி வீட்டுக்கும் ஒண்டுக்குடித்தனத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒண்டுக்குடித்தனத்தில் வாடகை குறைவு, இன்றைக்கே குடி வரலாம். ஆனால் கிணறு ஒன்றுதான்.

நல்லதும் கெட்டதும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. தனியாக ஒரு கெர்னல் பூட் ஆக வேண்டியதில்லை, அதனால் கன்டெய்னர் கண் இமைப்பதற்குள் எழுந்து நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் முழு ஓஎஸ்ஸுக்கான மெமரி ஒதுக்க வேண்டியதில்லை, அதனால் ஒரே சர்வரில் விஎம்களைவிடப் பல மடங்கு கன்டெய்னர்களை ஓட்டலாம். அதே காரணத்தால், கெர்னலில் ஒரு ஓட்டை என்றால் அது அங்கே குடியிருக்கும் அத்தனை பேருக்கும் ஓட்டை.

புதுசு என்கிறார்களே, அதையும் பார்த்துவிடலாம். ஒரு புராசஸுக்குத் தனி ரூட் டைரக்டரி காட்டும் சிரூட், யூனிக்ஸ் என்ற பழைய ஓஎஸ்ஸுக்கு வந்தது 1979இல். ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஓஎஸ்ஸில், புராசஸ்களை அடைத்துவைக்கும் ஜெயில் வந்தது 2000இல். சிகுரூப் 2008இல் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்துவிட்டது. கன்டெய்னர் ஓட்டும் கருவியான டாக்கர் 2013இல் செய்தது, லினக்ஸில் இருந்தவற்றைச் சேர்த்து, அப்ளிகேஷனும் அதற்குத் தேவையானவையும் அடங்கிய இமேஜ் என்று ஒன்றைக் கொண்டுவந்து, யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டும்படி ஆக்கியது. பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொண்டதனாலேயே ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சிரிக்க உரிமை வந்துவிடுகிறதா?

இன்னொன்று. மேக்கிலோ விண்டோஸிலோ டாக்கர் டெஸ்க்டாப் போட்டுக்கொண்டு விஎம் செத்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் லினக்ஸ் கன்டெய்னர் ஓடுவதே உங்கள் லேப்டாப்பில் சத்தமில்லாமல் எழுந்து நிற்கும் ஒரு லினக்ஸ் விஎம்முக்குள்தான். லினக்ஸ் கன்டெய்னருக்கு லினக்ஸ் கெர்னல் வேண்டும், மேக்கில் அது இல்லை. கிளவுடிலும் இதே கதைதான். புரோகிராமைக் கொடுத்தால் ஓட்டிக்கொடுக்கும் அமேசானின் லாம்ப்டா சேவையில் ஒவ்வொருவர் புரோகிராமும் ஃபயர்கிராக்கர் என்ற குட்டி விஎம்முக்குள் ஓடுகிறது. 2018இல் அதை வெளியிட்டபோது 125 மில்லிசெகண்டில் கிளம்பும், ஒன்றுக்கு 5 எம்பிக்கும் குறைவான மெமரிதான் கூடுதலாகப் பிடிக்கும் என்றார்கள். ஏன் அவ்வளவு பாடுபட்டு ஒரு புது விஎம்மையே எழுதினார்கள்? முன்பின் தெரியாத ஆயிரம் வாடிக்கையாளர்களின் புரோகிராமை ஒரே கெர்னலில் ஓட்ட அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. அவர்களே செய்யத் துணியாததை ஒரு ஆஸ்பத்திரியின் ஒற்றை ஐடி ஆள் செய்ய வேண்டுமா?

“கன்டெய்னரும் பாதுகாப்பானதுதான்” என்று உடனே வருவீர்கள். சரியாக அமைத்தால் ஆமாம். ஆனால் 2019 பிப்ரவரியில், கன்டெய்னர்களைக் கிளப்பும் ரன்சி என்ற கருவியில் ஓட்டை வந்ததே, கன்டெய்னருக்குள் இருக்கும் ஒருவன் கீழே உள்ள சர்வரில் இருக்கும் ரன்சி புரோகிராம் ஃபைலையே மாற்றி எழுதி, முழு அதிகாரம் உள்ள ரூட் ஆகிவிட முடிந்ததே? 2024 ஜனவரியில் அதே ரன்சியில் இன்னொன்று வந்தது. விஎம்மில் வந்ததில்லையா என்றால், வந்திருக்கிறது. 2015இல் விஎம்களை ஓட்டும் கியூஎமு என்ற சாஃப்ட்வேரில், யாருமே பயன்படுத்தாத ஃப்ளாப்பி டிரைவுக்கான பகுதி வழியாக விஎம்மை விட்டு வெளியே வர முடிந்தது. இரண்டிலும் ஓட்டை உண்டு. ஆனால் ஹைப்பர்வைசரில் தாக்குவதற்குக் கிடைக்கும் வாசல் குறைவு. கெர்னலில், புரோகிராம்கள் அதனிடம் வேலை கேட்கும் நூற்றுக்கணக்கான ‘சிஸ்டம் கால்’ அழைப்புகள் வாசல் மாதிரித் திறந்து கிடக்கின்றன. இது என் அபிப்பிராயம் இல்லை. ஃபயர்கிராக்கரும், கன்டெய்னருக்கும் கெர்னலுக்கும் நடுவில் நிற்கும் கூகுளின் ஜிவைசரும் பிறந்ததற்குக் காரணமே இதுதான்.

திருப்பூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. பெயர் வேண்டாம். யாரோ ஒரு கன்சல்டன்ட் வந்து, எல்லாவற்றையும் நவீனமாக்குகிறேன் என்று டேட்டாபேஸையும் கன்டெய்னருக்குள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அங்கிருந்த தம்பிக்கு கன்டெய்னர்களை எழுப்ப கம்போஸ் அப், நிறுத்த கம்போஸ் டவுன் என்ற இரண்டு கட்டளைகள் மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் ஏதோ மக்கர் செய்ய, இணையத்தில் தேடி, டவுனுக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் (-) வி (v) என்ற ஒற்றை எழுத்தும் சேர்த்து அடித்திருக்கிறான். டேட்டா இருக்கும் வால்யூமோடு சேர்த்து அழி என்று அதற்கு அர்த்தம். நிஜமாகவா என்று கூடக் கேட்காது, அழித்துவிடும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் திரும்ப எழுந்தது, சுத்தமாக, காலியாக. என்னைக் கூப்பிட்டபோது அந்தத் தம்பியின் குரல் இருந்த நிலையை என்னால் மறக்க முடியவில்லை. “அண்ணா, ரீஸ்டார்ட் பண்ணேன், டேபிளே காணோங்கண்ணா.” வேறொரு கம்ப்யூட்டரில் பழைய டம்ப் ஒன்று கிடந்தது, அதிலிருந்து ஏதோ மீட்டோம். நடுவில் போனது போனதுதான்.

அங்கேயே இன்னொன்றும் கண்ணில் பட்டது. யூஎஃப்டபிள்யூ என்ற லினக்ஸ் ஃபயர்வாலில் 22, 80, 443 போர்ட்டுகள் மட்டும் திறந்திருப்பதாகக் காட்டுகிறது. வெளியே என் போனிலிருந்து தட்டிப் பார்த்தால் 5432 திறந்திருக்கிறது. டேட்டாபேஸ் போர்ட், இன்டர்நெட்டுக்கு. டாக்கரில் ஒரு போர்ட்டை வெளியே விட்டால் அது லினக்ஸின் ஃபயர்வால் விதிகள் இருக்கும் ஐபிடேபிள்ஸில் தன் விதியைத் தானே எழுதிக்கொள்ளும், யூஎஃப்டபிள்யூ விதிகள் அந்தப் பாதையில் குறுக்கே வராது. இது மறைத்து வைத்த ரகசியம் இல்லை, டாக்கர் ஆவணத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தத் தம்பிக்கு யார் சொன்னார்கள்? டேட்டாபேஸ் ஒரு தனி விஎம்மில் இருந்திருந்தால், ஃபயர்வால் மூடியிருக்கிறது என்று சொன்னால் மூடியிருக்கும்.

“அது டாக்கரின் குற்றமா, அமைத்தவர் குற்றம்தானே” என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். யார் பார்த்துக்கொள்ளப்போகிறார்கள் என்று கேட்ட பிறகுதான் எதைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அந்தப் பெண் அதைக் கேட்டாள். கேள்வியிலேயே “ஒரே ஒரு ஐடி ஆள்” என்று இருந்தது, அதைக் கவனித்துப் பதில் சொன்னாள். கேள்வி கேட்டவர்தான் தன் கேள்வியைத் தானே கவனிக்கவில்லை.

“டேட்டாபேஸை இப்போது குபர்னெட்டிஸிலேயே அருமையாக ஓட்டலாமே” என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓட்டலாம். பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் கருவி அது. அதில் டேட்டாபேஸ் போன்றவற்றுக்கான ஸ்டேட்ஃபுல்செட் 2017 டிசம்பரில் நிலையான வடிவத்துக்கு வந்தது, அவற்றைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர்கள் இருக்கின்றன, பெரிய நிறுவனங்கள் ஓட்டுகின்றன. அவர்களிடம் அதற்கென்று ஒரு டீமே இருக்கிறது. குபர்னெட்டிஸில் வருஷத்துக்கு மூன்று பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 14 மாதம்தான் ஆதரவு. நீண்ட கால ஆதரவுள்ள உபுண்டு எல்டிஎஸ் என்ற லினக்ஸ் போட்ட ஒரு விஎம்முக்கு 5 வருஷம் பாதுகாப்பு அப்டேட் வருகிறது. பிரிண்டர் ரிப்பேரிலிருந்து சிசிடிவி வரை ஒரே ஆள் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் இந்த வித்தியாசம் சின்னதா?

செலவையும் சொல்லிவிடுகிறேன். அமேசானில் ஒரு குபர்னெட்டிஸ் கிளஸ்டருக்கு, அதில் எதுவுமே ஓடாவிட்டாலும், மணிக்கு 0.10 டாலர். மாதம் 73 டாலர், நம் கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். சர்வர் செலவு அதற்கு மேல் தனி. பதிப்பை மாற்றாமல் விட்டுவிட்டால் நீட்டித்த ஆதரவு என்று மணிக்கு 0.60 டாலர். ஆறு மடங்கு. ஒரு பில்லிங் சாஃப்ட்வேருக்கு இந்தப் பணத்தை யார் கட்டுவது?

விஎம்மில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. மெமரியைத் தின்னும். பத்து விஎம் என்றால் பத்து ஓஎஸ்ஸுக்கும் தனித்தனியாக பேட்ச் போட வேண்டும். ஸ்னாப்ஷாட்டையே பேக்கப் என்று நம்பி மாதக்கணக்கில் விட்டு, அது வளர்ந்து டிஸ்க் நிறைந்து நின்றுபோன சர்வர்களைப் பார்த்திருக்கிறேன். 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம், விஎம் சாஃப்ட்வேர் விற்கும் விஎம்வேரை வாங்கியதும், ஒருமுறை காசு கொடுத்து வாங்கும் லைசென்ஸையே நிறுத்திச் சந்தாவாக்கியது பலரைத் தவிக்கவிட்டது. அதற்குத்தான் லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் இருக்கிறது, அதன் மேல் விஎம்களை நிர்வகிக்க பிராக்ஸ்மாக்ஸ் இருக்கிறது. லைசென்ஸுக்குக் காசு வேண்டாம்.

நான் கன்டெய்னருக்கு எதிரி இல்லை. தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். ஒரு அப்ளிகேஷனுக்குப் பைதான் 3.8, இன்னொன்றுக்கு 3.12 என்று வந்து நின்றபோது கன்டெய்னர்தான் காப்பாற்றியது. புதுப் பதிப்பு சொதப்பினால் பழைய இமேஜை ஓட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். திருவிழா நாளில் மட்டும் கூட்டம் குவியும் டிக்கெட் தளத்துக்கு, இருபது பேர் சேர்ந்து எழுதும் சாஃப்ட்வேருக்கு, கன்டெய்னரை விட்டால் வேறு வழியே இல்லை என்று நானே சொல்வேன். அந்த ஆஸ்பத்திரிக் கேள்விக்குக் கூட, விஎம்முக்குள் அப்ளிகேஷனை மட்டும் கன்டெய்னரில் போடலாம் என்று கேள்வி கேட்டவர் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நல்ல விவாதமாகப் போயிருக்கும். அந்தப் பெண்ணும் ஏதாவது கற்றிருப்பாள், அவரும் கற்றிருப்பார். பேசாமல் சிரித்தார், ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்.

“மார்க்கெட்டில் என்ன கேட்கிறார்களோ அதைத்தானே சார் சொல்லிக்கொடுக்க வேண்டும்” என்று எனக்குப் புத்தி சொன்ன நண்பருக்கு. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்களுக்கு முதலில் விஎம் போடத்தான் சொல்லித்தருகிறேன், இனியும் அப்படித்தான். பஸ் பிடித்து வருகிறார்கள், பாதிப்பேர் கையில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். அதில் ஒரு விஎம்மைப் போட்டு, வேண்டுமென்றே, கெர்னலை ஏற்றும் பூட்லோடரைக் கெடுத்து, ரெஸ்க்யூ மோடில் போய் எழுப்புகிறார்கள். டிஸ்க் என்றால் என்ன, கெர்னல் எப்போது ஏறுகிறது, நெட்வொர்க் எப்படி வருகிறது என்று அப்போதுதான் கைக்குப் பழகுகிறது. அதற்குப் பிறகு கன்டெய்னர் எடுத்தால் சீக்கிரமே பிடித்துக்கொள்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே யாமல் என்ற அமைப்பு ஃபைலைக் காப்பியடித்து ஒட்டப் பழகியவர்கள், பாட் (குபர்னெட்டிஸில் ஓடும் கன்டெய்னர் தொகுப்பு) திரும்பத் திரும்ப 137 என்ற எண்ணைக் காட்டிச் செத்து விழுந்தால் அது மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றது என்று கூடச் சந்தேகப்படத் தெரியாமல் நிற்கிறார்கள். பெரிய கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றவர்களையும் அப்படிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரையும் நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடவில்லை.

அதுதான் வலிக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்து, அரசுக் கல்லூரியில் படித்து, இங்கிலீஷில் யோசித்து யோசித்து ஒரு பதிலைச் சொல்லி முடிக்கிற பிள்ளை. பதிலில் பிழை இல்லை. இன்றைய ஃபேஷன் வார்த்தை அதில் இல்லை என்பதுதான் பிழை. நம் ஊர் ஆஸ்பத்திரிகளும் மில்களும் கல்லூரிகளும் இன்றைக்கும் நிற்காமல் ஓடுவது இந்த மாதிரிப் பிள்ளைகளால்தான். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் ரூமில் போய் நிற்பது கான்ஃபரன்ஸ் மேடையில் பேசுகிறவர் இல்லை.

அன்றைக்கு ராத்திரி போன் பண்ணினாள். “சார், நான் கன்டெய்னர்னு சொல்லியிருந்தா வேலை கிடைச்சிருக்குமுங்களா?” கிடைத்திருக்கும் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. “அப்ப நான் சொன்னது தப்புங்களா சார்?” இல்லம்மா, சரி என்றேன். இரண்டுமே உண்மை. இப்படி இரண்டு உண்மையை ஒரே மூச்சில் ஒரு பிள்ளையிடம் சொல்லவைத்தவர் மேல்தான் எனக்குக் கோபம்.

அந்தப் பதிவை நீக்கச் சொல்லி அவருக்கே எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. சிரிப்பு எமோஜி போட்ட என் பழைய மாணவர்கள் இதைப் படித்தால் முதலில் போய் அதை எடுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் லினக்ஸ் அட்மின் தேவைப்படுகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், அந்தப் பெண்ணின் விவரத்தை அவளிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன். இன்டர்வியூவில் கன்டெய்னரைப் பற்றியும் தாராளமாகக் கேளுங்கள். நன்றாகவே பதில் சொல்வாள்.