கேமராவுக்குப் பின்னால் சாணி

(ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கூடத்தில் டிவி ஓடுகிறது. மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. மாமனாருக்குப் பரம்பரையாக விவசாயம். ரிமோட்டையே மண்வெட்டி பிடிப்பதுபோல்தான் பிடிப்பார்.)

மாப்பிள்ளை: மாமா, ஒரு நிமிஷம் சேனலை மாற்றாதீர்கள். இந்த அம்மா வாழ்கிற வாழ்க்கையைப் பாருங்கள்.

மாமனார்: சமையல் நிகழ்ச்சிதானே மாப்பிள்ளை?

மாப்பிள்ளை: சமையல் ஒரு சாக்குதான் மாமா. பண்ணை வீடு, சொந்த மாடு, சொந்தக் கோழி. கூட்டிலிருந்து முட்டையை எடுத்து நேராக அடுப்படிக்கு வருகிறார் பாருங்கள். ஒன்று பழுப்பு, ஒன்று இளம்பச்சை, ஒன்று நீலம்.

மாமனார்: எச்சம் எங்கே?

மாப்பிள்ளை: எச்சமா?

மாமனார்: கோழி என்ன, துடைத்துவிட்டா முட்டை போடுகிறது? ஒரு பக்கம் எச்சம் காய்ந்திருக்கும். அதில் ஒரு வைக்கோல் துணுக்கு, ஓரத்தில் பூனை மயிர் அளவுக்குக் குட்டி இறகு ஒட்டியிருக்கும். அதுதான் கூட்டிலிருந்து வந்த முட்டை. இது குளித்துத் தலைவாரிவிட்டு வந்த முட்டை.

மாப்பிள்ளை: கழுவியிருப்பார்கள் மாமா.

மாமனார்: நானும் அதைத்தான் கேட்கிறேன். யார் கழுவினது? அந்த அம்மா நகத்தில் சாயம் நேற்றுப் போட்டது மாதிரி மின்னுகிறது. கழுவினவர் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார்.

மாப்பிள்ளை: நீங்கள் எதையும் ரசிக்கவே மாட்டீர்களா?

மாமனார்: ரசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் இதே சேனலில் பனி கொட்டுகிற கிறிஸ்துமஸ் எபிசோடு. அதிலும் கூடை நிறைய முட்டை. பகல் சுருங்கினால் கோழி இறகை உதிர்த்துவிட்டு முட்டையை நிறுத்திவிடும் மாப்பிள்ளை. ஒரு நாளைக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் இருந்தால்தான் ஒழுங்காக இடும்.

மாப்பிள்ளை: விளக்குப் போட்டிருப்பார்கள்.

மாமனார்: கோழிக்கா, படப்பிடிப்புக்கா?

(மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டார். இப்படிச் செருமிவிட்டு அவர் சொன்ன எதுவும் இதுவரை நல்லபடியாக முடிந்ததில்லை.)

மாப்பிள்ளை: மாமா, நான் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

மாமனார்: (அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்து) மெதுவாகப் பேசுங்கள். உங்கள் அத்தைக்கு ரத்த அழுத்தம்.

மாப்பிள்ளை: ஒரு ஏக்கர் நிலம், ஒரு மாடு, பத்துக் கோழி. நமக்கு வேண்டியதை நாமே விளைவித்து, நாமே சமைத்து...

மாமனார்: மாப்பிள்ளை, பெண் கேட்டு வந்தபோது உங்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா?

மாப்பிள்ளை: "உட்கார்ந்து பார்க்கிற வேலையா?" என்று கேட்டீர்கள்.

மாமனார்: ஏன் கேட்டேன்? பால் கறக்க உட்கார்ந்தால் மாட்டு வால் சும்மா இருக்காது. வால் நுனி மயிரில் சாணி காய்ந்து கொட்டை கொட்டையாகத் தொங்கும். அது சுழன்று வந்து சரியாகக் கன்னத்தில் அறையும். என் பெண் சின்ன வயதில் அந்த அறையை வாங்கியவள். இனிமேல் வாங்கக்கூடாது என்றுதான் உங்களுக்குக் கட்டிக்கொடுத்தேன். நீங்கள் கண்ணாடி வேறு போட்டிருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை: எல்லோரும் அப்படியா கஷ்டப்படுகிறார்கள்? அமெரிக்காவில் ரீ டிரம்மண்ட் என்று ஒரு அம்மா. ஓக்லஹோமாவில் பஹஸ்கா என்ற சின்ன ஊர்ப்பக்கம் மாட்டுப் பண்ணை. 2006-ல் வலைப்பூ எழுத ஆரம்பித்தார். 2011-ல் ஃபுட் நெட்வொர்க் சேனலில் 'தி பயனியர் உமன்' என்ற சமையல் நிகழ்ச்சி வந்தது. இத்தனைக்கும் அவர் விவசாயக் குடும்பமே இல்லை. அப்பா டாக்டர். வளர்ந்தது கோல்ஃப் மைதானத்தைப் பார்த்த வீட்டில். படித்தது லாஸ் ஏஞ்சல்ஸில். ஒரு மாட்டுப் பண்ணைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கே வந்தவர். அவருக்கு முடிந்தது எனக்கு முடியாதா?

மாமனார்: நிலம் எவ்வளவு?

மாப்பிள்ளை: அது... டிரம்மண்ட் குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து 4 லட்சம் ஏக்கருக்கு மேல்.

மாமனார்: மாப்பிள்ளை, அது பண்ணை இல்லை. ஜில்லா.

மாப்பிள்ளை: ஏக்கரை விடுங்கள் மாமா, வாழ்க்கை முறையைப் பாருங்கள்.

மாமனார்: ஒரு ஏக்கரில் மழை பொய்த்தால் சாப்பாடு போச்சு. 4 லட்சம் ஏக்கரில் மழை பொய்த்தால் ஒரு மூலையில்தான் பொய்க்கும். வாழ்க்கை முறை அந்த மற்ற மூலைகளிலிருந்துதான் வருகிறது. சரி, அந்தச் சமையலறை அவர்கள் குடியிருக்கிற வீடா?

மாப்பிள்ளை: பெரும்பாலும் பண்ணைக்குள்ளேயே இருக்கிற விருந்தினர் மாளிகையில்தான் படம் எடுத்தார்கள். அதை அவர் ஒளிக்கவில்லை. வலைப்பூவிலேயே அதன் படங்களைப் போட்டிருக்கிறார்.

மாமனார்: அந்த அம்மாவை நான் குறை சொல்லவில்லை. அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட பிறகும் "ஒரு மாடு, பத்துக் கோழி" என்று கணக்குப் போட்டது நீங்கள். படம் எடுப்பது யார், வீட்டுப் பிள்ளைகளா?

மாப்பிள்ளை: பிரிட்டனிலிருந்து ஒரு குழு வரும். 2020-ல் கொரோனா வந்து அவர்களால் வர முடியாதபோது வீட்டுப் பிள்ளைகளே போனில் எடுத்தார்கள்.

மாமனார்: அந்த எபிசோடைப் போடுங்கள், பார்க்கிறேன்.

மாப்பிள்ளை: நீங்கள் பயனியர்களையே, அங்கே முதலில் குடியேறி உழுதவர்களையே அவமதிக்கிறீர்கள் மாமா. அது ஒரு பாரம்பரியம். 1862-ல் லிங்கன் கையெழுத்துப் போட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். 160 ஏக்கர் கொடுப்பார்கள். 5 வருஷம் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் வைத்தால் நிலம் சொந்தம். வியர்வை சிந்தி வாங்கியது.

மாமனார்: சிந்தினவர்கள் சிந்தினார்கள். சிந்தாதவர்கள் கதை தெரியுமா? தூக்கம் வராத ராத்திரியில் நானும் போனில் படிக்கிறவன்தான், பேரன் கற்றுக்கொடுத்திருக்கிறான். 12-க்கு 14 அளவில் வீடு கட்டியிருக்கிறேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். அடியா அங்குலமா என்பதை யாரும் சரியாகக் கேட்கவில்லை. சில எமகாதகர்கள் 12 அங்குலத்துக்கு 14 அங்குலத்தில் ஒரு வீட்டைச் செய்து புல்தரையில் வைத்துவிட்டு, சத்தியம் செய்து நிலத்தை வாங்கிக்கொண்டு போனார்களாம்.

மாப்பிள்ளை: அதற்குள் யார் குடியிருப்பது?

மாமனார்: சாட்சி சொன்னவரின் மனசாட்சி. சக்கரம் வைத்த வீடுகூட இருந்ததாம். இன்றைக்கு இவர் நிலத்தில் நிற்கும், நாளைக்கு அவர் நிலத்துக்கு உருண்டு போகும். செட் போட்டு எடுப்பது டிவி வந்து ஆரம்பித்த பழக்கம் என்றா நினைத்தீர்கள்?

மாப்பிள்ளை: நிஜமாகக் கஷ்டப்பட்டவர்களும் இருந்தார்களே.

மாமனார்: இருந்தார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு. மரமே இல்லாத புல்வெளி. புல்லை வேரோடு மண்கட்டியாக வெட்டிச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும். விறகு கிடையாது, காய்ந்த சாணியைப் பொறுக்கிக்கொண்டு வந்து எரித்துத்தான் சமைத்தார்கள். பயனியர் பாரம்பரியம் என்று இத்தனை நிகழ்ச்சி காட்டுகிறார்களே, ஒரு எபிசோடிலாவது சாணி எரித்துக் காட்டினார்களா?

(மாப்பிள்ளை யோசித்தார். அவர் பார்த்த எல்லா நிகழ்ச்சியிலும் ஆறு பர்னர் வைத்த அடுப்புதான் இருந்தது.)

மாப்பிள்ளை: சரி, மாலி யே என்று ஒரு பெண். 2018-லிருந்து 'கேர்ள் மீட்ஸ் ஃபார்ம்' என்று சமையல் நிகழ்ச்சி. ஜூலியார்ட் இசைக் கல்லூரியில் தாளவாத்தியம் படித்தவர். கணவர் ஐந்தாம் தலைமுறை விவசாயி. மினசோட்டா - வடக்கு டகோட்டா எல்லையில் நிஜமான பண்ணை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மாமனார்: என்ன பயிர்?

மாப்பிள்ளை: சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு.

மாமனார்: நிஜமான பண்ணைதான், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கிழங்கை அந்தப் பெண் தினமும் சமைத்துக் காட்டுகிறாரா?

மாப்பிள்ளை: அதை எப்படிச் சமைப்பது? லாரியில் ஏறி ஆலைக்குப் போய்விடும். அறுவடைக் காலத்தில் ராத்திரி பகலாக மெஷின் ஓடுமாம்.

மாமனார்: அவ்வளவுதான் விஷயம். குடும்பத்துக்குச் சோறு போடுகிற பயிர் லாரியில் போகிறது. டிவியில் வருவது ஜன்னல் ஓரத்துத் தொட்டியில் நாலு இலை. நீங்கள் அந்தத் தொட்டியைப் பார்த்து வேலையை விடுகிறேன் என்கிறீர்கள். லாரியைப் பார்த்து யாராவது வேலையை விடுவார்களா?

மாப்பிள்ளை: இங்கிலாந்தில் ஹியூ ஃபெர்ன்லி-விட்டிங்ஸ்டால் என்று ஒருவர். 1999-லிருந்து 'ரிவர் காட்டேஜ்' என்று டிவியில் பண்ணை வாழ்க்கையைக் காட்டினார். பன்றியை வளர்த்ததையும் காட்டினார், அதைக் கசாப்புக்கு அனுப்பியதையும் காட்டினார்.

மாமனார்: அவர் ஆம்பளை. அந்த நிகழ்ச்சியைப் பார்த்து நீங்கள் ஏன் வேலையை விட நினைக்கவில்லை?

மாப்பிள்ளை: அந்த எபிசோடு வந்தபோது எழுந்து உள்ளே போய்விட்டேன்.

(மாமனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளைமேல் கொஞ்சம் பிரியமும் வந்தது.)

மாமனார்: இதெல்லாம் புதுசு இல்லை மாப்பிள்ளை. பிரான்ஸில் மரீ அன்டோனெட் ராணி, வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்குள்ளேயே தனக்கென்று ஒரு கிராமம் கட்ட வைத்தாள். 1783-ல் ஆரம்பித்தார்கள். புத்தம்புதுச் சுவர், ஆனால் கிராமம் என்றால் பழசாகத் தெரிய வேண்டுமே? சுவரில் விரிசலை வண்ணத்தில் வரைந்தார்கள்.

மாப்பிள்ளை: விரிசலை வரைந்தார்களா?

மாமனார்: காசு கொடுத்து! பால்கூடம் இரண்டு. ஒன்றில் வேலை நடக்கும். இன்னொன்று ராணி வந்து ருசி பார்க்க, பளிங்குபோட்டுப் பளபளவென்று. அடுப்பில் இப்போதுதான் வைத்தார், அடுத்த நொடி வெந்து வந்துவிட்டது என்று காட்டுகிறார்களே, முன்னாலேயே ஒன்றைச் செய்து வைத்துவிட்டு? அது இந்த இரண்டு பால்கூடத்துப் பரம்பரை.

மாப்பிள்ளை: அப்படியானால் எல்லாமே டூப் என்கிறீர்கள்.

மாமனார்: இல்லையே. மாடு நிஜம், மண் நிஜம், அந்த அம்மா கைப்பக்குவமும் நிஜமாகத்தான் இருக்கும். எனக்கு உறுத்துவது வேறு. அவர் அடுப்புப் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசுகிற அந்த அரை மணி நேரத்தில் வெளியே எதுவுமே கெட்டுப்போகவில்லை பாருங்கள். உங்கள் அத்தை ஒரு நாளாவது ஒரு வெங்காயத்தை முழுசாக நறுக்கி முடித்ததுண்டா என்று போய்க் கேளுங்கள். பாதி நறுக்கும்போது மோட்டார் நின்றுபோகும். மிச்சத்தை எடுப்பதற்குள் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். திரும்பி வந்தால் அந்தப் பாதி வெங்காயத்தைக் கோழி கொத்திக்கொண்டிருக்கும். பண்ணை வீட்டுச் சமையல் என்பது அதுதான். அதை டிவியில் போட்டால் ஒரு சமையலுக்கு மூன்று எபிசோடு ஆகும்.

மாப்பிள்ளை: வெண்ணெயாவது நாமே எடுக்கலாம் என்று நினைத்தேன்.

மாமனார்: ஒரு கிலோ வெண்ணெய்க்கு 20 லிட்டருக்கு மேல் பால் வேண்டும். உங்கள் ஒற்றை மாட்டிடம் நீங்களே பேசிப் பாருங்கள்.

(கொஞ்ச நேரம் அமைதி. டிவியில் அந்த அம்மா சிட்டிகை உப்பைத் தலைக்கு மேலிருந்து தூவினார். மாமனார் அதை உற்றுப் பார்த்தார்.)

மாப்பிள்ளை: சரி மாமா, வேலையை விடவில்லை. இன்னொன்று தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் தோட்டத்துக்கு வந்து வீடியோ எடுக்கிறேன். நிஜமான விவசாயி, நிஜமான மாட்டுக்கொட்டகை. அப்படியே இணையத்தில் போட்டுவிடலாம்.

மாமனார்: யாரை எடுப்பீர்கள்?

மாப்பிள்ளை: உங்களைத்தான்.

மாமனார்: என்னையா? எனக்கு எதற்கு அதெல்லாம்... எந்தச் சட்டை போடுவது?

மாப்பிள்ளை: வேலை செய்கிற சட்டையே போதும் மாமா.

மாமனார்: அதில் பொத்தான் இல்லை. நல்ல சட்டையைக் கொஞ்சம் பழசு மாதிரி கசக்கிப் போட்டுக்கொள்கிறேன். அப்புறம் அந்தக் கருப்புப் பசு வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே உதைக்கிற ஜாதி என்று தெரிந்துவிடும். எதிர்வீட்டுச் செவலையை ஒரு மணி நேரத்துக்கு ஓட்டிவரச் சொல்லலாம், அது லட்சணம்.

மாப்பிள்ளை: மாமா...

மாமனார்: கொட்டகைச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறதே, பூசிவிடலாமா?

மாப்பிள்ளை: வேண்டவே வேண்டாம். அதுதான் பார்க்க நிஜமாக இருக்கும்.

மாமனார்: அப்படியா? அப்படியானால் இன்னும் இரண்டு போடச் சொல்லட்டுமா?

மாப்பிள்ளை: ஒன்றே போதும் மாமா. கொட்டகை முழுக்கச் சாணி கிடக்குமே, அதையும் படம் எடுத்துவிடலாமா?

மாமனார்: சேச்சே, அது படத்தில் வரக்கூடாது. நான் வந்து நிற்பதற்குள் தரை சுத்தமாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை: அப்படியானால் அதை யார் அள்ளுவது?

மாமனார்: கேமராவுக்குப் பின்னால் நிற்கப்போவது யார்?

மாப்பிள்ளை: நான்தான்.

மாமனார்: கூடை கொட்டகை மூலையில் இருக்கிறது மாப்பிள்ளை. விடியற்காலை நாலு மணிக்கே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் என் முகம் கறுத்துத் தெரியும்.