மவுஸை அவர்கள் கையிலேயே விடுங்கள்

விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. அம்மாவின் மடிக்கணினி 2016-இல் வாங்கியது, அதன் புராசசரை விண்டோஸ் 11 ஏற்காது. ஆனால் இன்னும் நன்றாக ஓடுகிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை. கோப்புகளை எல்லாம் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 24.04 போட்டு, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதல் கேள்வியே, "என் டி டிரைவ் எங்கடா?"

லினக்ஸில் சி, டி என்று எழுத்து வைத்த டிரைவ் எதுவும் கிடையாது, எல்லாமே ஒரே வேரிலிருந்து கிளை பிரியும் மரம் மாதிரி என்று நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அம்மா கேட்டது மரத்தைப் பற்றி இல்லை, பேரப்பிள்ளைகளின் படங்கள் எங்கே என்றுதான் கேட்டார். அது எனக்குப் புரியவே இரண்டு வாரம் ஆனது.

அப்புறம் தமிழ்த் தட்டச்சு. ஐபஸ் எம்17என் என்ற மென்பொருள் தொகுப்பைப் போட வேண்டும், டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் ஜன்னலில், ஒரு வரி அடித்தால் போதும். அம்மாவே செய்யட்டும், பழகிக்கொள்வார் என்று நினைத்து அந்த வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கண்ட்ரோல் வி அழுத்தினார், ஒட்டவில்லை. டெர்மினலில் கண்ட்ரோல் ஷிஃப்ட் வி அழுத்த வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? ஒருவழியாக ஒட்டியதும் பாஸ்வேர்டு கேட்டது. அடிக்க அடிக்கத் திரையில் புள்ளிகூட வரவில்லை. பாதுகாப்புக்காக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைத்து ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு மூன்று முறை அழுத்தியிருக்கிறார், அது தவறு என்று திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறது. நான் போனபோது மடிக்கணினி மேல் துண்டு போர்த்தியிருந்தது. "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்றார். முப்பது வருஷம் அலுவலகக் கணக்குப் பார்த்தவர் அவர்.

இதைப் படித்ததும் 'லினக்ஸ் கஷ்டம்' என்று முடிவு கட்ட வேண்டாம். விண்டோஸும் ஒரு காலத்தில் புதிதுதான். விண்டோஸ் 8-இல் ஸ்டார்ட் பட்டனைக் காணோம் என்று எத்தனை அலுவலகங்களில் தவித்தார்கள்! புதிதாக வருபவருக்கு மூளை போதாமல் இல்லை. பழைய இடத்தில் கை தானாகப் போகிறது, அங்கே பொருள் இல்லை, அவ்வளவுதான். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, "அது ஈஸி, தள்ளுங்க" என்று மவுஸைப் பிடுங்கி மூன்று விநாடியில் முடித்துவிடுகிறோம். அவர் கண்ணுக்கு ஜன்னல்கள் திறந்து மூடியதுதான் தெரிகிறது. சமூக மன்றங்களில் மின்னிலக்கத் தூதர்கள் முதியவர்களுக்குக் கைப்பேசி சொல்லித்தருவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் போன் முதியவர் கையில்தான் இருக்கும், தூதர் விரலால் காட்டுவார். நம் வீட்டில் நமக்கு அந்தப் பொறுமை வருவதில்லை.

அன்று அந்தத் தொகுப்பை நானே போட்டுவிட்டு, தமிழ்99 விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கு அது வருஷக்கணக்கில் பழகியது. உயிரெழுத்து இடது கையில், மெய்யெழுத்து வலது கையில். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் தரப்படுத்திய அதே அமைப்பு, விண்டோஸானாலும் உபுண்டுவானாலும் விசைகள் மாறுவதில்லை. அம்மா கீபோர்டைப் பார்க்காமல் தன் பெயரை அடித்தார். அது சரியாக வந்தது. இன்னொரு வரி அடித்தார். அதற்குப் பிறகுதான், "இந்தப் படமெல்லாம் எங்க வச்சிருக்க, காட்டு" என்று அவராகவே கேட்டார்.

யாருக்காவது புது சிஸ்டம் போட்டுக் கொடுத்தால், தினமும் என்ன செய்வீர்கள் என்று முதலில் கேளுங்கள். அந்த ஒரு வேலையை அவர் கையாலேயே முடிக்க விடுங்கள். டெர்மினல் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், பார்க்காமலே போனாலும் ஒன்றும் குறையாது.

பிரிண்டரில் ஸ்கேன் இன்னும் வேலை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன், மவுஸ் அம்மாவிடம்தான் இருக்கும்.