பார்லி சரிதான், ஆனா நம்ம பக்கம் வருமா?

ராஜஸ்தான்ல ஒரே பார்லி பயிர்ல முதல்ல மாட்டுக்குப் பசுந்தீவனம், அப்புறம் தானியம்னு ரெண்டும் எடுக்குறாங்கன்னு உங்க கட்டுரையில எழுதியிருக்கீங்க, ரொம்ப நல்ல விஷயம். ஆனா எப்ப அறுக்கணும்ங்கிறத அழுத்திச் சொல்லியிருக்கணும் சார். விதைச்சு 50-55 நாள்ல அறுத்துடணும், அதுக்கு மேல விட்டா தண்டு நீண்டு உள்ள இருக்குற கதிர்க்குருத்தும் அரிவாளோட போயிடும், அப்புறம் தானியத்துக்கு எங்க போறது? அடியில நாலு விரல் விட்டு அறுத்து, உடனே தண்ணி கட்டி யூரியா போட்டாத்தான் மறுபடி தழைக்கும். ஆர்டி 2715, ஆர்டி 2552 மாதிரி ரகமெல்லாம் இதுக்குன்னே சொல்றாங்க.

நம்ம விருத்தாசலம், திட்டக்குடி பக்கத்து மானாவாரிக்காரங்க இதப் படிச்சிட்டு பார்லி விதை தேடி அலைய வேணாம். அதுக்கு நல்லா குளிர் வேணும், நம்ம மார்கழிப் பனி பத்தாது, அதோட அங்க விதைக்கிற நவம்பர்ல நமக்கு அடைமழை, வேர்ல தண்ணி தேங்கினா பார்லி தாங்கவே தாங்காது. நமக்குக் கம்பு, சோளம் இருக்கே. சோளத்துல மட்டும் ஜாக்கிரதை, மழை இல்லாம வாடி நிக்கிற இளம்பயிர மாட்டுக்குப் போட்றாதீங்க, விஷம் ஏறி மாடே செத்துடும், பூத்தப்புறம் அறுத்துப் போடுங்க. அடுத்த கட்டுரை கம்பு பத்தி எழுதுங்க சார், கறவை மாடு வச்சிருக்குற எங்களுக்கு உதவியா இருக்கும்.