30 அங்குலத்துக்கு என்ன குறைச்சல்?

ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிட்டாரா (கம்பியின் நீளம் வழக்கமான 34 அங்குலம் இல்லாமல் 30 அங்குலம் அளவில் இருப்பது), அது பழகுகிற பிள்ளைகளுக்கு, கை சின்னதாக இருப்பவர்களுக்கு என்று ஒரு தீர்ப்பு பேஸ் வாசிக்கிறவர்கள் மத்தியில் ரொம்ப காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கடையில் விசாரித்தாலும் இதே பதில்தான். அதிலும் 1950, 60களில் வந்த, உள்ளே வெறும் கூடாக இருக்கும் அந்தப் பழைய பேஸ்களைப் பார்த்துப் பொம்மை என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

முதலில் ஒன்று. 34 அங்குலம் என்பது வேதவாக்கு அல்ல. 1951இல் அமெரிக்க கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது கம்பியின் நீளத்துக்கு அந்த அளவை வைத்தார். அது விற்றது, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நின்றுகொண்டு வாசிக்கும் டபுள் பேஸில் இந்த நீளம் 40 அங்குலத்தைத் தாண்டும். அந்தக் கணக்கில் ஃபெண்டரே குட்டைதான்!

ஜெர்மன் வாத்திய நிறுவனமான ஹோஃப்னர்காரர்கள் வேறு வழியாக வந்தவர்கள். இன்றைய செக் நாட்டில் லூபி என்று அழைக்கப்படும் ஷோன்பாக்கில் 1887இல் வயலின் பட்டறையாகத் தொடங்கிய குடும்பம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கிருந்த ஜெர்மானியர்களில் பெரும்பாலோரை வெளியேற்றினார்கள். வாத்தியம் செய்யும் குடும்பங்கள் பல ஜெர்மனியின் பவேரியாவில் எர்லாங்கன் பக்கத்திலுள்ள புபென்ராய்ட்டில் வந்து குடியேறின. அந்த வழியில் வந்த வால்டர் ஹோஃப்னர் 1955இல் பேஸ் கிட்டார் செய்ய உட்கார்ந்தபோது தனக்குத் தெரிந்ததைத்தான் செய்தார்: மேலே ஸ்ப்ரூஸ் மரம், பின்னால் மேப்பிள் மரம், வயலின் உடம்பு, 30 அங்குலக் கம்பி. அதுதான் 500/1 என்ற மாடல். (வயலின் வடிவத்தை அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் 1953லேயே செய்துவிட்டது. ஆனால் அது உள்ளே முழுக் கட்டை. தூக்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.)

1961இல் ஹாம்பர்க்கில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி இதை வாங்கிய காரணங்களில் பெருமைப்பட ஒன்றுமில்லை. குழுவில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் விலகியதும் அந்த வேலை இவர் தலையில் விழுந்தது. ஃபெண்டர் வாங்கக் காசில்லை. இது சுமார் 30 பவுண்டு. இடக்கைக்காரர், வடிவமோ இருபுறமும் சமம், திருப்பிப் பிடித்தாலும் கோமாளித்தனமாகத் தெரியாது. ஆனால் வாங்கிய பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

ஒரே கம்பியை ஒரே சுருதிக்குக் கட்டினால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 34இலிருந்து 30க்கு வந்தால் ஏறத்தாழ 22 சதவீதம் இழுவிசை குறைகிறது. கம்பி தளர்வாக இருக்கிறது, ஃப்ரெட்டுகள் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள்) நெருங்கி வருகின்றன, அவற்றின் மேல் அழுத்தும் விரல்கள் சிரமப்படாமல் தாவலாம். அதில் ஃப்ளாட்வுண்ட் (மேற்பரப்பு வழவழப்பான) கம்பி போட்டால் மேல் ஓசைகள் அடங்கி அடிநாதம் தடித்து நிற்கும். கூடான உடம்பு அதிர்வை வாங்கிக்கொண்டு சீக்கிரம் விட்டுவிடும். சுரம் 'தும்' என்று எழும், உடனே ஒதுங்கிவிடும். நீண்டு நிற்கவில்லை என்று இதைத்தான் குறை சொல்கிறார்கள். எனக்கோ இதுதான் பெரிய சௌகரியம். ஒரு சுரம் சீக்கிரம் இடத்தைக் காலி செய்தால் அடுத்ததை வைக்க இடம் கிடைக்கிறது. பாட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டு ஓடுவது போல மெக்கார்ட்னி வாசித்தாரே, அந்த வாசிப்பு வளர்ந்ததில் கையிலிருந்த இந்த லேசான வாத்தியத்துக்குப் பங்கு இல்லை என்று நான் நம்ப மாட்டேன். பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு எடை குறைவாக இருப்பதும் சின்ன விஷயமா?

குறை இருக்கிறது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மரம், கம்பிக்குக் கம்பி சரிசெய்யத் திருகு கிடையாது. மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி விலகும். சத்தத்தை ஏற்றினால் ஊளையிடும். மெக்கார்ட்னியே 1965 முதல் ஸ்டுடியோவில் ரிக்கன்பேக்கர் என்ற வேறு நிறுவனத்தின் பேஸுக்குப் போய்விட்டார். ஆனால் 1969 ஜனவரி 30 அன்று லண்டன் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் வாசித்தபோது அவர் தோளில் தொங்கியது ஹோஃப்னர்தான்.

அவர் ஒருவர்தானா என்றால், அனிமல்ஸ் குழுவின் சாஸ் சாண்ட்லர் எபிஃபோன் ரிவோலி வைத்திருந்தார். ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமன் ஃப்ரேமஸ் ஸ்டார் பேஸ். பின்னாளில் டாக்கிங் ஹெட்ஸின் டினா வேமத் ஹோஃப்னர் கிளப் பேஸ்.

எனக்கு மிகவும் பிடித்த கதை சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது. ஜெஃபர்சன் ஏர்ப்ளேனின் ஜாக் கேசடி, கிரேட்ஃபுல் டெட்டின் ஃபில் லெஷ் இருவரிடமும் கில்ட் ஸ்டார்ஃபயர் பேஸ். 30 அங்குலத்துக்குச் சற்றே கூடுதல், உள்ளே கூடு, ஸ்வீடனின் ஹேக்ஸ்ட்ரோம் செய்த பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சார சமிக்ஞையாக்கும் பாகம்). கிரேட்ஃபுல் டெட்டின் ஒலிக்காரர் (எல்எஸ்டி தயாரித்துப் பெயர் எடுத்தவரும் அவரே) ஆவ்ஸ்லி ஸ்டான்லியைச் சுற்றி இருந்த கூட்டத்துக்கு அந்தக் கூட்டைப் பார்த்ததும் கை அரித்திருக்க வேண்டும். மின்சுற்றுகளை எல்லாம் அதற்குள் திணித்தார்கள். ரான் விக்கர்ஷாம் மின்னணுவைப் பார்த்தார், ரிக் டர்னர் மரத்தைப் பார்த்தார். அந்தக் கூட்டணிதான் அலெம்பிக் நிறுவனம். 1972இல் அவர்கள் செய்த முதல் பேஸ் கேசடிக்கே போனது. இன்று ஆக்டிவ் சர்க்யூட் (பேட்டரியில் ஓடும் மின்சுற்று), துல்லியமான ஒலி என்று பெருமை பேசும் விலையுயர்ந்த பேஸ்களுக்கெல்லாம் பூர்வீகம் நீங்கள் பொம்மை என்று சொன்ன அந்த மரக்கூடுதான். 'சின்னக் கைக்கு' என்ற வாதத்துக்கும் அலெம்பிக்கிலேயே பதில் இருக்கிறது. ஜாஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் டபுள் பேஸில் ஊறியவர், நீண்ட விரல்கள். அவருடைய அலெம்பிக் முழுக் கட்டைதான், ஆனால் ஷார்ட் ஸ்கேல்.

சேகரிப்பவர்கள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. காசில்லாதவன் வாங்கிய வாத்தியம் இன்று காசுள்ளவன் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது. மெக்கார்ட்னியின் அந்த 1961 பேஸை 1972இல் லண்டன் நாட்டிங் ஹில்லில் வேனிலிருந்து திருடிப் போனார்கள். அரை நூற்றாண்டு கழித்து இங்கிலாந்தின் சசெக்ஸில் ஒரு வீட்டுப் பரணில் கிடைத்து, 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானபோது எல்லோரும் அதன் விலையைத்தான் பேசினார்கள். மெக்கார்ட்னியோ அதைப் பழுது பார்த்து, அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் ஓ2 அரங்கில் மேடையேற்றி வாசித்துவிட்டார்.

நம்மைப் போன்றவர்களுக்கு நகல்தான். என்னிடம் இருப்பதும் நகல்தான், நன்றாகவே உழைக்கிறது. வாங்குகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: அதில் பளபளக்கும் ரவுண்ட்வுண்ட் கம்பியைப் போட்டுவிட்டு, ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியைத் தட்டி வாசிப்பது) அடித்துப் பார்த்து, இது சரியில்லை என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். ஃப்ளாட்வுண்ட் போடுங்கள், ஆம்பில் ட்ரெபிளைக் (மேல் ஓசையை) குறையுங்கள், பிறகு வந்து சண்டை போடுங்கள்.