ஸ்டிக்கரில் எழுதாத எண்: புதிய கேமிங் லேப்டாப்போடு பத்து நாட்கள்

2018இல் வாங்கிய என் பழைய மடிக்கணினி, ஏழு ஆண்டுகளுக்கு மேல் வேலைக்கும் விளையாட்டுக்கும் ஈடுகொடுத்துவிட்டு, கடந்த டிசம்பரில் ஒருவழியாக ஓய்ந்துபோனது. பல வாரம் விசாரித்து, கடனோ தவணையோ இல்லாமல் சேர்த்து வைத்திருந்த பணத்தில் உயர்திறன் கேமிங் லேப்டாப் ஒன்றை வாங்கினேன். அது வீட்டுக்கு வந்து இன்றோடு பத்து நாள் ஆகிறது. எப்படி இருக்கிறது என்று நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், விரிவாக எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரையும் மாடல் எண்ணையும் எழுதப்போவதில்லை. நான் சொல்ல வருவது இந்த விலையில் கிடைக்கும் எல்லா நிறுவன மடிக்கணினிக்கும் பொருந்தும். பெயர் எழுதினால் பின்னூட்டம் முழுவதும் எந்த நிறுவனம் சிறந்தது என்ற விவாதமாகிவிடும்.

முதலில் உள்ளே இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன். 24 கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) கொண்ட இன்டெல் கோர் அல்ட்ரா 9 275எச்எக்ஸ் செயலி, 12 ஜிபி நினைவகத்துடன் என்விடியா ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கிராபிக்ஸ் சிப், 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, 240 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 240 முறை படத்தைப் புதுப்பித்து, ஓடும் 16 அங்குல ஓஎல்இடி திரை. விலை, வரி உட்பட 2,30,000 ரூபாய். இதில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி மட்டும் 35,000 ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. வீட்டு உள் அலங்கார வடிவமைப்பு என் தொழில். பகலில் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் சமையலறையும் படுக்கையறையும் வரைந்து ரெண்டர் செய்வேன், அதாவது நிஜம்போன்ற படமாக மாற்றுவேன், இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் விளையாடுவேன். இரண்டுக்கும் ஒரே இயந்திரம் என்பதால்தான் இவ்வளவு பணத்தை ஒரே இடத்தில் போடத் துணிந்தேன்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கேமிங் லேப்டாப்பின் கைவைக்கும் பகுதியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கிராபிக்ஸ் சிப்பின் பெயர் இருக்கும், ஆனால் அந்தச் சிப்புக்கு எத்தனை வாட் மின்சாரம் போகிறது என்பது இருக்காது. உண்மையில் இயந்திரத்தின் திறனைத் தீர்மானிப்பதில் அந்த வாட் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரே 5070 டிஐ சிப்புக்கு என்விடியா அனுமதிக்கும் வரம்பு 60 வாட்டிலிருந்து 115 வாட் வரை போகிறது. செயலிக்குத் தேவைப்படாத மின்சாரத்தை இந்தப் பக்கம் திருப்பிவிடும் டைனமிக் பூஸ்ட் மூலம் மேலும் 25 வாட் வரை கூடலாம். ஆக, மெல்லிய உடலுக்குள் 60 வாட்டில் ஓடுவதும் தடித்த உடலுக்குள் 140 வாட்டில் ஓடுவதும் கடையில் ஒரே பெயரோடுதான் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வழியே இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. என் பழைய மடிக்கணினியில் இருந்தது என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் சிப். 2016இல் அந்தத் தலைமுறை வந்தபோது, அதுவரை மடிக்கணினிச் சிப்புகளின் பெயரோடு ஒட்டியிருந்த ‘எம்’ என்ற எழுத்தை என்விடியா எடுத்துவிட்டது. அப்படி எடுத்ததில் நியாயமும் இருந்தது. மேசைக்கணினியின் 6 ஜிபி 1060இல் எத்தனை கோர்களோ, அதே 1280 கோர்கள் மடிக்கணினியிலும் இருந்தன. மறு ஆண்டு, மெல்லிய மடிக்கணினிகளுக்காகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப்புகள் ‘மேக்ஸ்-க்யூ’ என்ற அடைமொழியோடு வந்தன. அந்த அடைமொழியைப் பார்த்தாவது வேகம் குறைந்தது எது என்று தெரிந்துகொள்ள முடிந்தது. 2021இல் அதுவும் சிப்பின் பெயரிலிருந்து போய்விட்டது. இன்று மேசைக்கணினியின் 5070 டிஐயில் 8960 கோர்களும் 16 ஜிபி நினைவகமும் இருக்கின்றன. மடிக்கணினியின் 5070 டிஐயில் 5888 கோர்களும் 12 ஜிபியும்தான். சொல்லப்போனால், மேசைக்கணினியின் சாதாரண 5070 எந்தச் சிப்பிலிருந்து வருகிறதோ, அந்த ஜிபி205 சிப்தான் மடிக்கணினியில் ‘டிஐ’ என்ற பட்டத்தோடு வருகிறது. பெயரை மட்டும் நம்பி வாங்குகிறவருக்கு இதில் எதுவுமே தெரியப்போவதில்லை.

வாங்கும்போது இதைத்தான் கடையில் கேட்டேன். “இந்த மாடலில் கிராபிக்ஸுக்கு எத்தனை வாட்?” என்றதும், விற்பனையாளர் சார்ஜரைக் கையில் எடுத்துப் பார்த்து, “330 வாட் சார்” என்றார். அது முழு இயந்திரத்துக்கும் சார்ஜர் தரக்கூடிய வாட், நான் கேட்ட எண் அல்ல. நல்ல பையன், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குக் கொடுத்திருந்த கையேட்டிலேயே அந்த எண் இல்லை, விற்பனை இணையப் பக்கத்திலும் இல்லை. கடைசியில் நிறுவனத்தின் தளத்தில், பல பக்கம் நீளும் தொழில்நுட்பக் கோப்பின் அடியில், சிறிய எழுத்தில் 140 வாட் என்று கண்டுபிடித்த பிறகுதான் பணம் கட்டினேன். ஃபிரிட்ஜ் வாங்கினால் கதவிலேயே நட்சத்திர முத்திரை ஒட்டி, ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்பதுவரை அச்சிட்டுத் தருகிற நாட்டில், இரண்டே கால் லட்ச ரூபாய்ப் பொருளின் ஆதாரமான ஒரு எண்ணை வாங்குகிறவர் தேடி எடுக்க வேண்டியிருப்பது முறையல்ல.

சரி, 140 வாட் என்று எழுதியிருப்பது நம் ஊர் வெயிலில் 140 வாட்டாகவே நிற்குமா? பத்து நாளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். திருச்சியில் என் அறை மேல்மாடியில் இருக்கிறது. தலைக்கு மேல் மொட்டை மாடி, மதியம் இரண்டு மணிக்குக் கூரையே அடுப்பாகிவிடும். இரவு ஏசி போட்டு அறை 25 டிகிரியில் இருந்தபோது, சைபர்பங்க் 2077 விளையாட்டை முழுத் தெளிவில், ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங்கோடு அரை மணி நேரம் ஓட்டினேன். கிராபிக்ஸ் சிப் 138, 140 வாட்டிலேயே நின்றது, வெப்பம் 78 டிகிரியைத் தாண்டவில்லை, வினாடிக்கு 62 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படங்கள்) கிடைத்தது. மறுநாள் மதியம் ஏசி இல்லாமல், அறை வெப்பமானி 35 டிகிரி காட்டியபோது, அதே காட்சியை அதே அமைப்புகளோடு ஓட்டினேன். முதல் பத்து நிமிடம் வித்தியாசமே தெரியவில்லை. இருபதாவது நிமிடத்தில் 118 வாட்டுக்கு இறங்கியது, ஃபிரேம் 54 ஆனது. விசிறிகள் இரண்டும் முழு வேகத்தில் இரைந்தன. அடுத்த அறையிலிருந்து அம்மா, “என்னப்பா, மேல டேங்குக்கு மோட்டார் போட்டிருக்கியா?” என்று கேட்டுக்கொண்டே வந்து பார்த்தார்.

இதில் இயந்திரத்தின் கோளாறு எதுவும் இல்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் படித்த நியூட்டனின் குளிர்வு விதிதான்: ஒரு பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அதற்கும் சுற்றியிருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. சிப் 85 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 22 டிகிரி அறையில் வேறுபாடு 63. 35 டிகிரி அறையில் வெறும் 50. விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் வெளியேறும் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். குளிர்நாட்டிலோ ஏசி அறையிலோ எடுக்கப்பட்ட சோதனைக் காணொளிகளைப் பார்த்து, அந்த எண்கள் நம் வீட்டிலும் மதியம் அப்படியே வரும் என்று நாம் எதிர்பார்ப்பது இதனால்தான் பொய்த்துப் போகிறது. காற்றை அடிப்பக்கத்திலிருந்து இழுக்கும் அமைப்பு என்பதால், பின்பக்கத்துக் கால்களுக்கு அடியில் இரண்டு தண்ணீர் பாட்டில் மூடிகளை வைத்து உயர்த்திப் பார்த்தேன். அதற்கே 4 டிகிரி குறைந்தது. மெத்தையிலோ போர்வை மீதோ வைத்து விளையாடுகிறவர்கள் அந்தப் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

விளையாட்டைவிட என் தொழிலுக்கு இந்த வாட் கணக்கு இன்னும் முக்கியம். விளையாட்டில் காட்சிக்குக் காட்சி சுமை ஏறி இறங்கும். ரெண்டரில் தொடங்கியதிலிருந்து முடியும்வரை சிப் முழுச் சுமையில் இருக்கும். பழைய இயந்திரத்தில் 50 நிமிடம் பிடித்த ஒரு சமையலறைக் காட்சி இதில் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. கிரானைட் மேடையில் சன்னல் வெளிச்சம் விழும் இடத்தை மூன்று விதமாக மாற்றி, வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் மூன்றையும் காட்டினேன். முன்பு ‘நாளைக்கு அனுப்புகிறேன்’ என்று சொல்லி அனுப்பிவைப்பேன். இந்த ஒன்றுக்காகவே கொடுத்த பணத்தைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

ஃபிரேம் கணக்கைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸில் நடந்த சிஇஎஸ் மின்னணுக் கண்காட்சி மேடையில், மேசைக்கணினிக்கான 549 டாலர் 5070 முந்தைய தலைமுறையின் உச்ச சிப்பான 4090க்கு இணையான திறன் தரும் என்று என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் சொன்னார். அந்த ஒப்பீடு என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 மென்பொருள் நுட்பத்தில் வரும் மல்டி ஃபிரேம் ஜெனரேஷனை நம்பி நிற்பது. சிப் உண்மையாக வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதலாக மூன்று ஃபிரேம்கள் வரை செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி இடையில் சேர்ப்பதுதான் அந்த வசதி. சைபர்பங்கில் ரே டிரேசிங்கைவிடச் சுமை கூடிய பாத் டிரேசிங்கை இயக்கியபோது எனக்கு உண்மையில் கிடைத்தது வினாடிக்கு 38 ஃபிரேம். நான்கு மடங்கு ஜெனரேஷனைப் போட்டதும் திரையின் மூலையில் எண் 130ஐத் தாண்டியது, கண்ணுக்குப் பாலில் வழுக்குவதுபோல் ஓடியது. ஆனால் மவுஸைத் திருப்பினால் காட்சி ஒரு கணம் தயங்கியே திரும்பியது. காரணம் எளிது: என் கை அசைவு உண்மையான ஃபிரேம்களில்தான் பதிவாகிறது, இடையில் சேர்க்கப்பட்டவை இரண்டு உண்மையான ஃபிரேம்களை வைத்து ஊகித்தவை, அதற்காக ஒன்றைக் கொஞ்சம் நிறுத்தியும் வைக்க வேண்டியிருக்கிறது. அடிப்படையிலேயே 60 ஃபிரேம் கிடைக்கும் இடத்தில் இந்த வசதி அருமையாக இருக்கிறது. 30, 40இல் திணறும் இடத்தில் அது திணறலை மறைக்கிறதே தவிரத் தீர்ப்பதில்லை. ஆகவே விளம்பரத்தில் வரும் ஃபிரேம் எண்ணைப் பார்த்தால், ஜெனரேஷன் இல்லாமல் எவ்வளவு என்று கேளுங்கள். கவுன்டர் ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளில் எனக்கு அந்த வசதி தேவையே படவில்லை. பெரும்பாலும் 240க்கு மேலேயே ஓடியது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவினாடி நிற்கும், இங்கே 4.2 மில்லிவினாடிதான். ஏழு ஆண்டுகளுக்கு மேல் 60 ஹெர்ட்ஸில் விளையாடிய கைக்கு அந்த வித்தியாசம் முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது.

திரையைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல முடியும். 2560க்கு 1600 என்ற புள்ளிக் கணக்கு 16 அங்குலத்தில் வரும்போது ஓர் அங்குலத்துக்கு 189 புள்ளிகள். தமிழ் படிக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை யாரும் எழுதுவதில்லை. பழைய திரையில் சிறிய எழுத்தில் ‘ண’வும் ‘ன’வும் குழம்பும், ‘றி’யின் மேல் சுழி மங்கிப்போகும், இதில் சுழிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெளிந்து நிற்கின்றன. கறுப்பு உண்மையான கறுப்பாக இருக்கிறது. நிலையான படங்கள் நாளடைவில் ஓஎல்இடியில் தடம் பதிக்கக்கூடும் என்பதால், டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்திருக்கிறேன்.

விசைப்பலகை நன்றாகவே இருக்கிறது. தமிழ்99இல் தட்டச்சு செய்வதற்கு அழுத்தம் இதமாக வருகிறது. கேமராவும் ஒலியும் சுமார்.

மின்சாரத்தைப் பற்றி இரண்டு செய்திகள். மின்தடையின்போதும் விளையாடலாம் என்று நினைத்து மடிக்கணினி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதன் பேட்டரி 80 வாட்-மணி. முழுச் சுமையில் இயந்திரம் 200 வாட் இழுத்தால் 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று கணக்கே சொல்கிறது. பேட்டரியால் அவ்வளவு மின்சாரத்தைத் தொடர்ந்து தள்ளவும் முடியாது. அதனால் சார்ஜரைப் பிடுங்கிய உடனே கிராபிக்ஸ் சிப்பின் வாட் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இன்வெர்ட்டர் இருக்கும் வீடாக இருந்தால், அதன் திறனைச் சரிபார்த்துவிட்டுச் சார்ஜரை அதில் இணைப்பதே வழி.

அடுத்தது எர்த். மூன்றாம் நாள், உலோக மேல்பகுதியில் மணிக்கட்டை வைத்தபோது எறும்பு ஊர்வதுபோல ஒரு கூச்சம் தெரிந்தது. பயந்துபோய்ச் சேவை மையத்தை அழைக்கப் போனேன். பிறகு சார்ஜரை மாற்றுப் பிளக்கில் செருகிப் பார்த்ததும் கூச்சம் நின்றுவிட்டது. என் மேசைக்கருகில் இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மூன்று துளை இருந்தாலும் உள்ளே எர்த் கம்பி இணைக்கப்படவே இல்லை. சார்ஜருக்குள் இரைச்சலை வடிகட்டும் கப்பாசிட்டர்கள் வழியே கசியும் மிகச் சிறிய மின்னோட்டம், எர்த் இருந்தால் அதன் வழியே இறங்கிவிடும். இல்லாவிட்டால் உலோக உடலில் தங்கி நம் தோலைத் தொடும். எலெக்ட்ரீஷியனை வரவழைத்துச் சுவர்ப் பிளக்கையும் சோதித்துச் சரிசெய்தேன். இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறவர்கள், வாங்குவதற்கு முன்பே வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குறிப்பாகப் பழைய வாடகை வீடுகளில் இருப்பவர்கள்.

எடையும் கணக்கில் கொள்ளத் தக்கது. மடிக்கணினி இரண்டரைக் கிலோ, சார்ஜர் ஏறத்தாழ ஒரு கிலோ. வாடிக்கையாளர் வீட்டுக்குப் பேருந்தில் எடுத்துப்போன அன்று தோள் வலித்தது. தினமும் கல்லூரிக்குச் சுமக்க வேண்டிய மாணவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே மேசையில் நிரந்தரமாக வைத்து விளையாடப் போகிறவர்கள், இதே பணத்துக்கு மேசைக்கணினி வாங்கினால் கூடுதல் திறனும் குறைந்த இரைச்சலும் கிடைக்கும் என்பதை ஒரு முறை யோசித்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது வெளியே எடுத்துப் போக வேண்டிய என்னைப் போன்றவர்களுக்குத்தான் இது பொருந்துகிறது.

மே 4ஆம் தேதி அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம் இரண்டு மணிக்கு, ஏசி இல்லாமல், இதே அறையில், இதே காட்சியை ஒரு மணி நேரம் ஓட்டி, வாட், வெப்பம், ஃபிரேம் மூன்றையும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்து இந்தப் பதிவின் கீழேயே போடுகிறேன். கேமிங் லேப்டாப் வைத்திருக்கும் நண்பர்களும் உங்கள் அறை வெப்பநிலையோடு சேர்த்து உங்கள் எண்களை எழுதுங்கள்; சிப்பின் பெயரோடு, அது எத்தனை வாட்டில் ஓடுகிறது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.