பிரெஞ்சு ஓவியர் மோனே நிழலை நீலமா வரைஞ்சது கண்புரையாலயா?

"மோனேக்குக் கண்ணுல புரை, அதான் நிழலையெல்லாம் நீலமா வரைஞ்சாரு, பொருளோட நிஜ கலரே அவருக்குத் தெரியல"ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தப்புங்க. புரைன்னு டாக்டர் சொன்னது 1912ல. வேலிப் படல் மேல ஒத்தைப் பறவை உக்காந்திருக்குமே, அந்த 'மேக்பை' படம் 1868-69லயே வரைஞ்சது, அதுலயே வேலி நிழல் பனி மேல பளிச்சுனு நீலமா கிடக்கு, அப்ப ஆளுக்கு முப்பது வயசுகூட ஆகல.

வெள்ளைப் பனியில நீலம் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, நிழல்ல சூரியன்தான் மறையும், வானம் மறையாதே, அந்த வானத்து வெளிச்சம்தான் அங்க விழுது, நம்ம மூளைதான் 'பனின்னா வெள்ளை'ன்னு திருத்திடும். டவுட்டா? வெயில் நேரத்துல வெள்ளைச் சுவத்து மேல விழுற நிழலை, அட்டையில சின்ன ஓட்டை போட்டு அது வழியா மட்டும் பாருங்க.

இதுல கூத்து என்னன்னா, புரை வந்தா லென்ஸ் மஞ்சளாகி நீலத்தைத் தடுக்கும். தன் தோட்டத்து ஜப்பானியப் பாலத்தை அவரு கடைசிக்காலத்துல வரைஞ்ச படங்கள் சிலதுல செவப்பும் பழுப்பும்தான் அப்பிக் கிடக்கு. 1923ல வலது கண்ணுக்கு ஆபரேஷன் பண்ண பிறகுதான் எல்லாம் ஒரே நீலமா தெரியுதுன்னு மனுஷன் புலம்பினாரு.