பேயைக் கடையில் வாங்காதீர்கள், பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யுங்கள்

அக்டோபர் பிறந்துவிட்டது. சிகாகோ புறநகரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு எலும்புக்கூடு நிற்கிறது. தமிழ் அம்மாக்கள் வாட்ஸ்அப் குழுவிலும் "ஹாலோவீனுக்கு என்ன வாங்கலாம், எங்கே தள்ளுபடி?" என்ற பேச்சு ஆரம்பித்தாகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் அங்கே துண்டு துண்டாகச் சொல்வதை இந்த முறை முழுதாக இங்கே எழுதிவிடுகிறேன். வாங்காதீர்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யுங்கள். காசு மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. சின்னவளுக்கு அப்போது மூன்றரை வயது. ஒரு பெரிய கடைக்கு அவளைத் தள்ளுவண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போயிருந்தேன். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தானாக இயங்கும் பொம்மை ஒன்றை அங்கே வழியிலேயே நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் பக்கத்தில் போனதும் அது கண் சிவந்து, கத்திக்கொண்டே கையை நீட்டியது. குழந்தை வீரிட்டு அழுதாள். அன்றிலிருந்து பத்து நாள் ராத்திரியில் விளக்கை அணைக்க விடவில்லை. பாத்ரூமுக்குக்கூடத் தனியாகப் போகவில்லை. "அது பொம்மைடா கண்ணு" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அவள் காதில் ஏறவே இல்லை.

அந்த வாரக் கடைசியில் பெரியவனுக்காக ஒரு துணிப்பேய் செய்ய வேண்டியிருந்தது. வேலை மிகச் சுலபம். ஒரு காலி பாட்டிலின் தலையில் சின்னதாக ஊதிய பலூனை டேப் போட்டு ஒட்டி, கம்பியை வளைத்து இரண்டு பக்கமும் கை மாதிரி நீட்டிவிட வேண்டும். வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவில் கலந்து, பன்னீர் வடிகட்டும் மெல்லிய துணியை அதில் நனைத்து, லேசாகப் பிழிந்து, பாட்டில் மேல் போர்த்திவிட்டால் போதும். ஓரம் தரையைத் தொட வேண்டும், அப்போதுதான் நிற்கும். ராத்திரி முழுக்கக் காயவிட்டு, காலையில் பலூனை உடைத்து, பாட்டிலையும் கம்பியையும் மெதுவாக உருவி எடுத்தால் துணி விறைப்பாகத் தானே நிற்கும். உள்ளே வெற்றிடம். கறுப்புக் காகிதத்தில் இரண்டு கண் வெட்டி ஒட்டினால் பேய் தயார்.

துணியைப் பசையில் முக்கியது சின்னவள்தான். முழங்கை வரைக்கும் பசை. காலையில் பாட்டிலை எடுத்ததும் அவள் குனிந்து, பேயின் பாவாடைக்கு அடியில் கையை விட்டாள். துழாவிப் பார்த்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, "உள்ள யாருமே இல்லம்மா" என்றாள். அன்று ராத்திரி அந்தப் பேயைத் தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் விளக்கை அவளே அணைத்தாள்.

நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். தன் கையால் செய்த பேய்க்கு உள்ளே ஒன்றுமில்லை என்பது குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. கடையில் வாங்கிய பேய் அதைச் சொல்லித் தராது.

"நமக்கெதற்கு இந்தப் பேய்க் கொண்டாட்டம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதன் வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது கொண்டாடிய சாவின் (Samhain) என்ற கெல்டியர் பண்டிகையில் இருக்கிறது. நவம்பர் 1 அனைத்துப் புனிதர் திருநாள் ஆனதால், அதற்கு முந்திய நாள் மாலைக்கு ஹாலோவீன் என்று பெயர் வந்தது. தீயதை விரட்ட டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கு வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து வந்தவர்கள் கையில் பூசணி கிடைத்தது. பெரியது, குடைய லேசானது. அதனால் டர்னிப் போய்ப் பூசணி வந்தது.

ஈரோட்டிலிருந்து வந்திருந்த என் அத்தை, மருமகள் வீட்டு வாசலில் இதைப் பார்த்ததும் சொன்னார்: "ஏங்கண்ணு, அரசாணிக்காயிலயா மூஞ்சி வெட்டறீங்க? நம்மூர்ல வெள்ளப் பூசணியில அரக்கன் மூஞ்சி வரைஞ்சு வாசல்ல கட்டறாங்கல்ல, அது மாதிரிதான?" அதே மாதிரிதான் அத்தை. திருஷ்டி பூசணியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தெரிய வேண்டியதே இல்லை.

பூசணி விஷயத்தில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். அமெரிக்காவிலேயே அதிகமாகப் பூசணி விளைவது எங்கள் இலினாய் மாநிலத்தில்தான். பியோரியாவுக்குப் பக்கத்தில் உள்ள மோர்ட்டன் என்ற ஊர் தன்னை உலகத்தின் பூசணித் தலைநகர் என்றே சொல்லிக்கொள்கிறது. நாட்டில் டப்பாவில் அடைத்து விற்கும் பூசணிக்கூழில் பெரும்பகுதி அங்குள்ள ஆலையிலிருந்துதான் வருகிறது. செதுக்கும் பூசணி வேறு ரகம், சமையலுக்கு அவ்வளவு ருசிக்காது.

செதுக்குவதை அவசரப்பட்டு முன்னாலேயே செய்துவிடாதீர்கள். அறுத்த பூசணி ஒரு வாரம் தாங்காது, அணில்களும் விடாது. 31ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் செய்தால் போதும். மூடியை நேராக அறுக்காமல் கத்தியை உள்பக்கம் சாய்த்து அறுங்கள், இல்லையென்றால் மூடி உள்ளே விழுந்துவிடும். முகம் வெட்டும் பக்கத்தை உள்ளே நன்றாகச் சுரண்டி, ஓர் அங்குல கனத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் வெட்டுவது லேசாகும். கத்தி வேலை பெரியவர்களுக்கு. சின்னப் பல் வைத்த பூசணி ரம்பம் கிடைக்கும், சமையல் கத்தியைவிட அது பத்திரம். முகத்தைக் காகிதத்தில் வரைவதும், நாரையும் விதையையும் வழிப்பதும் பிள்ளைகள் வேலை. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் வெட்டவே வேண்டாம், மார்க்கரும் ஸ்டிக்கரும் கொடுத்து முழுப் பூசணியைக் கையில் விட்டுவிடுங்கள். கண் ஒன்று நெற்றியிலும் இன்னொன்று கன்னத்திலும் வரும். வரட்டும். தயவுசெய்து திருத்தாதீர்கள். உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி விளக்கு வையுங்கள். அன்று மாலை பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் வாங்க வருவார்கள், தொங்கும் காஸ்ட்யூம் துணியும் தீயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது.

வழித்த விதையைக் குப்பையில் போட்டால் எனக்கு மனசு கேட்காது. நன்றாகக் கழுவி, உப்புத் தண்ணீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, வடித்து, துணியில் ஈரம் போகத் துடையுங்கள். கொஞ்சம் எண்ணெய், மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டுப் பிசறி, 350 டிகிரி பாரன்ஹீட்டில் கால் மணி முதல் இருபது நிமிஷம் வரை வறுத்தால் மொறுமொறு என்று வரும். நடுவில் ஒரு தடவை கிளறிவிடுங்கள்.

தின்பண்டத்துக்கு மெனக்கெடவே தேவையில்லை. உரித்த ஆரஞ்சின் நடுவில் ஒரு செலரித் துண்டு செருகினால் குட்டிப் பூசணி. வாழைப்பழத்தைப் பாதியாக வெட்டி நிற்கவைத்து, சாக்லேட் சிப்ஸில் கண் வைத்தால் பேய். பஃப் பேஸ்ட்ரியைப் பட்டையாகக் கிழித்து நீளத் துண்டு பன்னீரில் சுற்றிச் சுட்டால் மம்மி. நான்கு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பாப்கார்னும் கெட்டி மிட்டாயும் கொடுக்காதீர்கள், திராட்சையை நீளவாக்கில் நறுக்கியே கொடுங்கள். வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். டென்னசியில் தொடங்கி 2014இல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் அது. உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் கொடுக்க இங்கே பென்சில், ஸ்டிக்கர் மாதிரி ஏதாவது இருக்கிறது என்று அர்த்தம். நாமும் ஒன்று வைக்கலாமே? வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை எதையும் தொட முடியாமல் வீடு வீடாக ஏறி இறங்குவதை ஒரு முறை பார்த்தவர்கள் கேட்கவே மாட்டார்கள், வைத்துவிடுவார்கள்.

விளையாட்டில் எங்கள் வீட்டில் எப்போதும் ஜெயிப்பது இரண்டு. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவரை மற்றவர் டாய்லெட் பேப்பரால் சுற்றி மம்மியாக்குவது முதலாவது. இரண்டாவது தடவிப் பார்க்கும் பெட்டி. அட்டைப் பெட்டியில் கை போகும் அளவுக்கு ஓட்டை போட்டு, உள்ளே ஒரு கிண்ணத்தில் எண்ணெய் தடவிய இடியாப்பம், இன்னொன்றில் உரித்த திராட்சை. குடல், கண் என்று சொல்லித் தொடச் சொல்வோம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு கண்டிப்பு உண்டு: எவ்வளவு பயமுறுத்தலாம் என்பதை அங்கே இருப்பதிலேயே சின்னக் குழந்தையை வைத்துத்தான் முடிவு செய்வோம். ஆட்டம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதைக் காட்டிவிடுவோம். திறந்து காட்டும்போது வரும் சிரிப்பு, தொடும்போது வரும் கத்தலைவிடப் பெரியது. தண்ணீர்த் தொட்டியில் ஆப்பிளை வாயால் கவ்வும் பழைய விளையாட்டு மட்டும் எனக்குப் பிடிக்காது, எல்லார் எச்சிலும் ஒரே தண்ணீரில். கயிற்றில் டோனட் கட்டித் தொங்கவிட்டுக் கை படாமல் சாப்பிடச் சொல்லுங்கள், அதே கும்மாளம்தான்.

பெற்றோர் பயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மிட்டாயில் யாரோ விஷம் வைத்துவிடுவார்கள் என்ற செய்தி வருஷா வருஷம் நம் குழுக்களில் சுற்றும். ஜோயல் பெஸ்ட் என்ற சமூகவியலாளர் 1958 முதலான செய்திகளைத் தோண்டிப் பார்த்தவர். வீடு வீடாகப் போய் வாங்கிய மிட்டாயில் முகம் தெரியாதவர் வைத்த விஷத்தால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதியான சம்பவம் ஒன்றைக்கூட அவர் காணவில்லை. உண்மையான ஆபத்து ரோட்டில் இருக்கிறது. 42 வருஷ விபத்துக் கணக்கை அலசி 2018இல் வெளியான ஆய்வு, ஹாலோவீன் மாலையில் நடந்து போகிறவர்கள் வண்டி மோதி இறக்கும் ஆபத்து, ஒரு வாரம் முன்பின் உள்ள மாலைகளைவிட 43% அதிகம் என்று சொல்கிறது. இங்கே அன்று ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். அதனால் முகமூடிக்குப் பதில் முகத்தில் வண்ணம் பூசுங்கள், கண் மறைக்காது. பையில் பளபளக்கும் டேப் ஒட்டுங்கள், கையில் டார்ச் கொடுங்கள். வாசல் விளக்கு எரியும் வீட்டில் மட்டும் கதவைத் தட்டச் சொல்லுங்கள். காஸ்ட்யூமுக்கு அடியில் ஸ்வெட்டர் போடுங்கள், அக்டோபர் கடைசிக் குளிர் சும்மா விடாது.

எல்லாம் முடிந்தபின் பூசணியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். இலினாயில் பல ஊர்களில் ஹாலோவீன் முடிந்த சனிக்கிழமை பழைய பூசணிகளை வாங்கி உரமாக்குகிறார்கள். சில இடங்களில் பிள்ளைகளே அதை ஓங்கிப் போட்டு உடைக்கலாம். மெழுகு, ஸ்டிக்கர், விளக்கு எல்லாம் எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கராஜில் துணிப்பேய் செய்யப் போகிறோம். துணியும் பசையும் வாங்கி வைத்துவிட்டேன். சின்னவள் இந்த முறை தன் பேய்க்கு ஒரு தம்பி வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். ஆளுக்கு ஒரு காலி பாட்டில் மட்டும் கொண்டுவந்தால் போதும்.